கால்மாட்டிலிருந்து பார்த்த படம்

பத்து மணி நாற்பத்திரண்டுக்கு என் மனைவி நாயகியை உள்ளே கொண்டுபோனார்கள். நாற்பது நிமிஷம் ஆகும் என்று ஸ்கேன் எடுக்கும் பெண் சொன்னாள். அசையாமல் படுத்திருந்தால் நாற்பது, அசைந்தால் எடுத்ததை மறுபடி எடுக்க வேண்டும். நாயகி அசைய மாட்டாள். பிடிவாதம் என்று வந்துவிட்டால் கல் மாதிரி கிடப்பாள், அது எனக்குத் தெரியும், நாற்பத்தோரு வருஷமாகத் தெரியும். உள்ளே உலோகம் எதுவும் ஆகாது என்று எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்திருக்கிறார்கள், என் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். தாலி இரண்டு உரு, லட்சுமிக் காசு ஒன்று, குண்டு நான்கு, பவளம் ஆறு, தோடு இரண்டு, மூக்குத்தி ஒன்று, மெட்டி இரண்டு, சங்கிலியோடு சேர்த்துப் பத்தொன்பது. இரண்டு தரம் எண்ணிவிட்டேன். மூக்குத்தியின் திருகு வரவில்லை, நர்ஸ் தேங்காய் எண்ணெய் தொட்டுத் திருகினாள், நாயகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வலித்திருக்கும். தாலியைக் கழற்றும்போது மட்டும் அவள் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா, மஞ்சக் கயிறு கட்டித்தான் அனுப்புவோம், எல்லாருக்கும் அப்படித்தான்" என்று நர்ஸ் ஒரு மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை எடுத்துக் காட்டினாள், பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு கயிறுகள் தயாராகக் கிடந்தன, யாரோ யோசித்துச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டபின் நாயகி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். மூடிக்கொண்டாள். சரி, இன்னும் இல்லை, என்று நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தேன். இன்று ஒன்பதாவது நாள்.

ஒன்பது நாள் ஒன்றும் பெரிதில்லை. எங்களுக்குள் பேச்சு நின்றது இதற்குமுன் பதினேழு தடவை, ஒரு நாள் இரண்டு நாள் நின்றதையெல்லாம் நான் சேர்க்கவில்லை. மிக நீளமானது தொண்ணூற்றொன்றில், அவள் தம்பி கல்யாணத்துக்கு நான் போகாதபோது, பதினொரு நாள். மருத்துவக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நேரம், நான் இல்லாவிட்டால் மூளைகளை யார் எடுத்து வைப்பது, அதை அவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லவில்லை. பதினொரு நாளும் அவள் என்னிடம் பேசவில்லை, ஆனால் சுவரிடம் பேசினாள். "சுவத்துக்குச் சொல்றேன், சோறு வடிச்சாச்சு, ஆறிப்போனா நான் பொறுப்பில்ல." நானும் சுவரிடம் சொல்வேன், "மோர் இருந்தா தேவலை." "சுவத்துக்கு மோர் வேணுமாம், கேட்டுதா டீச்சர்" என்று பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சரைக் கூப்பிட்டுச் சிரிப்பாள், அந்தம்மா மதில்மேல் தலையை நீட்டி, "சுவருக்கு இன்னிக்கு என் வீட்டுல வத்தக்குழம்பு இருக்கு, அனுப்பவா" என்பார். பன்னிரண்டாம் நாள் காலை காபியை நேராக என் முன்னால் வைத்து, "குடிங்க" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. அதனால்தான் பதினொன்று தாண்டாது என்று வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு நாள். அதற்குள் பேசிவிடுவாள். இந்தத் தடவை சுவரிடம்கூடப் பேசவில்லை, அது உண்மைதான், ஆனால் ஆஸ்பத்திரிச் சுவர், நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டு, சுவரிடம் பேசினால் என்ன நினைப்பார்கள். வெட்கமாக இருக்கும். எனக்கு இருக்கும்.

சின்ன டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார். மூன்றாம் நாள் காலை வார்டில் என் தோளைத் தொட்டு, "அய்யா, அவங்களுக்குப் பேச்சு எடம் அடிபட்டிருக்கு, நாம பேசறது புரியும், ஆனா வார்த்தை வராது, பயிற்சி குடுத்துப் பாப்போம்" என்றார். நல்ல பையன், முப்பது வயது இருக்கும். நான் தலையாட்டினேன். அவர் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும், எப்படிச் சொல்வது. நான் எட்டாம் வகுப்பு. ஆனால் இதே மருத்துவக் கல்லூரியில், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடற்கூறு கூடத்தில், முப்பத்திநான்கு வருஷம் உதவியாளராக இருந்தேன். அறுநூற்றுப் பதினொரு மூளைகளை இந்தக் கைகளால் எடுத்திருக்கிறேன். புதிதாக எடுக்கும்போது அது இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், இரண்டு உள்ளங்கையும் விரித்து அடியில் கொடுக்க வேண்டும், விரல் நுனி பட்டால் பள்ளம் விழும். அப்படியே மருந்து வாளியில் போட்டால் அடியில் உட்கார்ந்து தட்டையாகிப்போகும். அதனால் அடிப்பக்கத்து ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலை நுழைத்து, வாளியின் விளிம்புகளில் கட்டி, தலைகீழாக மிதக்க விடவேண்டும். மூன்று வாரம் கழித்து எடுத்தால் அவித்த சீம்பால் போலக் கெட்டியாகியிருக்கும், வடிவு கெடாமல். ஒருவருக்கு ஒரு நூல், ஒரு வில்லை, வில்லையில் ஒரு எண். நூல் அறுந்து ஒன்றாவது கெட்டது என்று முப்பத்திநான்கு வருஷத்தில் இல்லை. எடை போட்டுத்தான் வாளியில் இறக்குவேன், யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. பெரியது ஆயிரத்து அறுநூற்றுப் பத்து கிராம். சிறியது ஆயிரத்து நாற்பது. பெரியவர் யார், சிறியவர் யார், என்ன பேசினார்கள், யாரிடம் கோபித்துக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. எடை தெரியும்.

பத்து ஐம்பத்தொன்று. உள்ளே இயந்திரம் தட்ட ஆரம்பித்துவிட்டது. டக் டக் டக் என்று, பிறகு மாவு மில் மாதிரி ஒரே இரைச்சல், பிறகு மறுபடி டக் டக். காதில் பஞ்சு வைத்திருப்பார்கள். பேராசிரியர் பத்மாசனி அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை மூளைப் பாடம் எடுப்பார், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், அவர் ஓய்வு பெற்றபின் வந்தவரும் அதே பாடம்தான், அறுபத்தெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன். இங்கிலீஷ் பாதி, தமிழ் பாதி. இது பெருமூளை, இரண்டு பாதி, நடுவில் பாலம். இது சிறுமூளை, பின்னால், பூக்கோசு மாதிரி, நடை தள்ளாடாமல் பார்த்துக்கொள்வது. இது முகுளம், மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் இதன் பொறுப்பு, தூங்கும்போதும் தூங்காதது. பிடரிப் பக்கம் பார்வை, காதுக்கு மேலே கேட்டதைப் புரிந்துகொள்வது. பேச்சு இங்கே, இடது நெற்றிக்குப் பின்னால், கீழிருக்கும் மடிப்பில், பெருவிரல் நுனி அளவு இடம். அம்மா ஊசியால் தொடுவார். நான் தட்டை வைப்பதில் ஒரு முறை வைத்திருந்தேன். மூளையின் முன்பக்கம் எனக்கு எதிர்ப்புறம் பார்க்கும், பின்பக்கம் என் வயிற்றைத் தொடும். நானும் அதுவும் ஒரே திசையைப் பார்த்து நிற்பது மாதிரி. அப்போது அதன் இடது என் இடது. குழப்பமே வராது. அறுநூற்றுப் பதினொன்றிலும் வந்ததில்லை. அதனால்தான் சின்ன டாக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். படம் என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் எடுத்த ஸ்கேன் படம். இதோ மடியில், மஞ்சள் உறையில். முன்பக்கம் மேலே, பின்பக்கம் என் வயிற்றுப் பக்கம், நான் தட்டில் வைப்பது மாதிரியே. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருத்த திட்டு இருக்கிறது. வலப்பக்கம் இருக்கிறது. பேச்சு இடப்பக்கம். இடப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அவளுக்குப் பேச்சு இடம் அடிபடவில்லை. அவள் பேசவில்லை என்றால் பேச மாட்டேன் என்று பேசவில்லை.

அவள் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அந்த அட்டை தபாலில் வரும் என்று நான் நினைக்கவில்லை, கல்லூரியில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் உடம்பை நான் இறந்தபின் உடற்கூறு கூடத்துக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன், மூன்று மாதம் முன்பு, அதற்கு வந்த அட்டை. அறுநூற்றுப் பதினொரு பேரை வாளியில் இறக்கியவன், தன் முறை வரும்போது மட்டும் சுடுகாட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனைவி கையெழுத்து வேண்டும் என்றார்கள். பென்ஷன் தாள் என்று சொல்லி வாங்கினேன். நாற்பத்தோரு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் மொத்தம் எத்தனை என்று என்னால் சொல்ல முடியும், நான்கு, இது நான்காவது. அட்டை வந்த அன்று இரவு இட்லிக்குத் தட்டைப் போட்டாள், நான் உட்கார்ந்தேன், தட்டில் அந்த அட்டையை வைத்தாள். "தின்னுங்க." நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "பென்ஷன் பேப்பர்னுதான சொன்னீங்க? நல்ல பென்ஷன்." "சொன்னா நீ ஒத்துக்க மாட்டே." "ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சு வாங்கியிருக்கீங்க, அப்ப." "என் ஒடம்புதான நாயகி." அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "உங்க ஒடம்பா? சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெ தேய்ச்சு விட்டது யாரு? அந்த மருந்து நாத்தம் போக எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்ச்சது யாரு? நமக்குப் புள்ளையா குட்டியா. நீங்க போனா நான் எங்க போயி நிப்பேன்? ஒரு சாம்பல் கெடையாது, ஒரு மேடு கெடையாது. கல்லூரி வாசல்ல போயி, அய்யா எங்க வீட்டுக்காரர் எந்த வாளின்னு கேக்கவா? நம்பரைச் சொல்லிக் கேக்கவா?" நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இட்லிச் சட்டியில் ஆவி வந்து மூடி ஆடிக்கொண்டிருந்தது, அதை அவள் இறக்கவில்லை. "இனி உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசினா, ஏன்னு கேளுங்க." எட்டரை மணி. அதுதான் கடைசி வார்த்தை. ஏன்னு கேளுங்க.

மறுநாள் காலை அவள் பேசவில்லை. பேச மாட்டேன் என்றவள் பேசவில்லை, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. ஆறு பத்து. அடுப்படியில் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசற்படியில் நின்று "காபி ஆச்சா" என்றேன், சுவரைப் பார்த்துத்தான் கேட்டேன், வழக்கப்படி. அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன், நான்கு பேப்பரும் படித்தேன், ராசிபலன்கூடப் படித்தேன், வீட்டுக்குப் போகப் பயம், பசித்தபோது கடையில் இரண்டு பன் தின்றேன். பன்னிரண்டு இருபதுக்கு வந்தேன். ஜெசிந்தா டீச்சர் வாசலில் நின்று கத்தினார், "எங்கய்யா போனீங்க, அவ தலையைச் சுத்தி உக்காந்துட்டா, கேட்டா பதிலே இல்ல." நாயகி கிரைண்டர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை கால் நன்றாக இருந்தது, ஆட்டோவில் அவளே ஏறினாள், கலைந்த கொண்டையை அவளே இரண்டு கையாலும் முடிந்துகொண்டாள். அவசரப் பிரிவில் கேட்டார்கள், "எப்ப ஆரம்பிச்சுது, யாராவது பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. "ரத்தக்கட்டு அடைச்சிருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி உண்டு. எப்பன்னே தெரியாம அதைப் போட முடியாது." நான் சொல்லவில்லை, காலையிலிருந்தே பேசவில்லை என்று. சண்டை என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது. தவிர, அது வேறு, இது வேறு. காலையில் கோபம். பகலில் மயக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை. படம் அப்படித்தான் சொல்கிறது.

படம் அப்படித்தான் சொல்கிறதா. பதினொன்று நான்கு. உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் எட்டிப் பார்க்கிறாள், மடியில் வைத்துக்கொள்கிறேன். ஒன்பது நாளில் இதை எத்தனை தடவை பார்த்தேன், இருபத்தாறு. ஒவ்வொரு தடவையும் திட்டு வலப்பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் இன்னொன்றும் கண்ணில் படுகிறது, அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. படத்தின் இடது ஓரத்தில் சின்னதாக ஓர் இங்கிலீஷ் எழுத்து. ஆர். ரிப்போர்ட் என்று இருக்கும். ரேடியாலஜி என்று இருக்கும், இந்தப் பிரிவின் பெயரே அதுதான், வாசலில் எழுதியிருக்கிறது. ஆனால் பத்மாசனி அம்மா கரும்பலகையில் மூளை வரைந்தால் இரண்டு பக்கமும் ஓர் எழுத்து போடுவார், இடப்பக்கம் எல், வலப்பக்கம் ஆர். அந்த ஆர் வலது. இந்த ஆர் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் இது வேறு ஆர். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் படத்தை உறையில் போட்டுவிடுகிறேன். இப்போதும் போட்டேன். இந்த ஆர் அந்த ஆராக இருந்தால், திட்டு இருப்பது இடப்பக்கம். இடப்பக்கம் என்றால் பேச்சு. பேச்சு என்றால் அது ஆறு பத்துக்கே போய்விட்டது. பால் பாத்திரத்தோடு நின்றபோதே. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். நாலரை மணி நேரம் இருந்தது. பத்து நாற்பது வரை நேரம் இருந்தது. நான் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது கோபம். நாயகி, அது கோபம்தானே. எத்தனை கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும், பதினொரு நாள் இல்லை, நூற்றுப் பத்து நாள் இருக்கட்டும், கோபத்தில் இருக்கும் வார்த்தை உள்ளே பத்திரமாகத்தானே இருக்கும்.

ஒரே ஒரு தடவை அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். எண்பத்தெட்டு, அவள் அம்மா இறந்து பதினாறு முடிந்த மறுநாள், முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தை நிறுத்திவிட்டு, "ஏங்க, நெனப்பெல்லாம் அதுல எங்க இருக்கும்" என்றாள். நான் உள்ளே, காதுக்கு உள்பக்கமாக, கடல்குதிரை மாதிரி சுருண்டு ஒன்று இருக்கிறது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, என் சுண்டுவிரல் அளவு, என்றேன். "அவ்வளவுதானா? எங்க அம்மா மூஞ்சி அதுக்குள்ளயா இருக்கு?" "அப்படித்தான் சொல்றாங்க." அவள் காதுக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டாள், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், யாரையோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. பிறகு, "பேச்சு?" நான் கிட்டப் போய் அவள் நெற்றியில் விரலை வைத்தேன், பகல் வெளிச்சத்தில் அவளைத் தொட எனக்குக் கூச்சம், இருந்தாலும் வைத்தேன், இங்கே. தோலுக்கு அடியில் ஒரு நரம்பு துடிப்பது தெரிந்தது, கூடத்தில் தொட்டவை எதுவும் துடித்ததில்லை, விரலை எடுக்க மறந்துவிட்டேன். "உங்களுக்கு அந்த எடத்துல ஒண்ணும் இல்ல போலருக்கு" என்றாள். "ஏன்?" "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வருதா பாருங்களேன்." சிரித்தாள். பதினாறு நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள். எந்தப் பக்கம் விரல் வைத்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்தால் அவளுடைய இடது எனக்கு வலப்பக்கம். என் வலப்பக்கம்தான் வைத்தேன். ஆமாம். எதிரே இருந்தால் மாறும். தட்டில் மாறாது, ஏனென்றால் தட்டில் நாங்கள் ஒரே திசையைப் பார்க்கிறோம். படத்தில் யார் எந்தத் திசையைப் பார்க்கிறார்கள்.

பதினொன்று பதினாறு. ஸ்கேன் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், கையில் டீ டம்ளர். சட்டையில் ஷகிலா என்று பெயர் இருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். முப்பத்திநான்கு வருஷத்தில் நான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வி கேட்பது மாணவர்கள் வேலை, தட்டைப் பிடிப்பது என் வேலை. நின்றுகொண்டே இருந்தேன். அவளே, "என்னங்கய்யா? ஆச்சு, இன்னும் அஞ்சாறு நிமிஷம். நல்லா ஒத்துழைக்கிறாங்க" என்றாள். "ஏம்மா, ஒண்ணு." "சொல்லுங்க." படத்தை நீட்டினேன். "இதுல, இந்த, எந்தப் பக்கம்?" அவள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுவா? இடது பக்கம்ங்கய்யா." "வலது பக்கமில்ல இருக்கு." "ஓ, அதுவா. படத்துல மாறித் தெரியும். படுத்திருக்கவங்களோட கால்மாட்டுல நின்னு, அடியிலேர்ந்து மேல பாக்கற மாதிரிதான் படம் வரும். அதனால அவங்க இடது நமக்கு வலது. இதோ பாருங்க, ஆர் போட்ருக்கு. ஆர்னா ரைட்டு." "ரைட்டு." "ஆமாங்கய்யா. எல்லாப் படமும் இப்படித்தான். ஏன், டாக்டர் சொல்லலியா?" "சொன்னார்" என்றேன். "சொன்னார்மா." அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு, "தண்ணி வேணுங்களா, உக்காருங்க" என்று என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு வேலை இருக்கிறது, உள்ளே போய்விட்டாள்.

கால்மாட்டில் நின்று. நான் எப்போதும் தலைமாட்டில் நிற்பவன். எடுப்பதும் அங்கிருந்துதான், வைப்பதும் அங்கிருந்துதான். தலைமாட்டில் நின்று அறுநூற்றுப் பதினொன்று பார்த்தவன் கால்மாட்டிலிருந்து ஒன்றைப் பார்க்கத் தெரியாமல் இருபத்தாறு தடவை பார்த்திருக்கிறேன், இருபத்தேழு. அப்படியானால் ஆறு பத்து. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். என்ன சொல்ல வந்தாள். எனக்கு என்னவோ செய்யுதுங்க என்று சொல்ல வந்தாளா, அது கிடைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாளா, பயந்திருப்பாளா. பயந்துதான் இருப்பாள், வாய்க்குள் கையைவிட்டுத் தேடுவது மாதிரி தேடியிருப்பாள், அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும், நான் போகும் சத்தம். ஒன்பது நாள். வார்டில் கஞ்சி கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பாள், நான் கரண்டியைக் கொண்டுபோவேன், தலையைத் திருப்புவாள், சரி, கோபம் தீரவில்லை, என்று நானும் ஜன்னலைப் பார்ப்பேன். நானும் பேசவில்லை. ஒன்பது நாளில் நான் அவளிடம் பேசிய வார்த்தை இருபதுகூட இருக்காது, குடி, படு, திரும்பு. எங்களில் யார் முதலில் பேசுவது என்று இருந்தேன். அவள் ஒருத்தியாக உள்ளே தேடிக்கொண்டிருக்க, நான் ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்மேல் கோபமாக இல்லை என்று ஒரு பக்கம் தெரிகிறது. அந்த நினைப்பு வந்தவுடன் ஒரு விநாடி நெஞ்சு லேசாகிறது, அடுத்த விநாடி அதைவிடக் கனமாகிறது, கோபமாகவே இருந்திருக்கலாமே. உள்ளே டக் டக் என்ற சத்தம் நின்றுவிட்டது. அந்த இடம் பெருவிரல் நுனி அளவு. அதைச் சுற்றி எவ்வளவோ இருக்கிறது, நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன், ஆயிரத்து இருநூறு கிராமுக்குக் குறையாது அவளுக்கு. பக்கத்து மடிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை வாங்கிக்கொள்ளும், யாராவது விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், என்று பத்மாசனி அம்மா பாடத்தின் கடைசியில் சொல்வார், அந்த இடத்தில் மணி அடித்துவிடும், பிள்ளைகள் நோட்டை மூடிவிடுவார்கள், நான் மட்டும் கேட்பேன்.

பதினொன்று இருபத்துநான்குக்குத் தள்ளுவண்டியில் வெளியே வந்தாள். வார்டுக்குக் கொண்டுபோக ஆள் வரும்வரை ஓரமாக விட்டிருந்தார்கள். நான் தலைமாட்டுக்குப் போனேன், பிறகு சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்றேன். காதிலிருந்த பஞ்சை எடுத்தேன். வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். "நாயகி" என்றேன். கண்ணைத் திறந்தாள். "நீ கோவமா இருக்கேன்னு நெனச்சுட்டேன்." பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்குக் காலைல, பால் பாத்திரத்தோட நின்னியே, அப்பவே ஒனக்கு வந்துட்டுது. நான் கோவம்னு நெனச்சுப் பேப்பர் படிக்கப் போயிட்டேன். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஊசி இருந்துது. படத்தைத் தப்பாப் பாத்துட்டேன். ஒம்போது நாளாத் தப்பாப் பாத்துட்டேன் நாயகி. அந்தக் கார்டையும் திருப்பிக் குடுத்துர்றேன், ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம்." ஒரே மூச்சில் இவ்வளவும் என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் புருவம் மேலே போனது. கோபமா, நானா, என்று கேட்பது மாதிரி. பிறகு கையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தாள், அது ஈரமாக இருந்தது எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. உதடு கூடியது, பிரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நான் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனேன். "க" என்றாள். "சொல்லு." "க... கதவு."

குரல் அவளுடையதுதான். கொஞ்சம் கரகரத்திருந்தது, ஒன்பது நாள் சும்மா கிடந்த குரல். "கதவா? கதவைச் சாத்தணுமா?" இல்லை என்று தலையாட்டினாள். "கதவு" என்றாள் மறுபடி, அவளுக்கே அது தப்பு என்று தெரிந்தது, முகத்தைச் சுளித்தாள், கையால் காற்றில் அதைத் தள்ளினாள், அது போகாமல் மறுபடி அதுவே வந்தது, "கதவு." ஒரு வார்த்தையைத் தேடப் போனால் வேறொன்று வந்து வழியில் நிற்கும், பரவாயில்லை, அதையும் வரவிடு. "காபியா?" இல்லை. "குளிருதா? போர்வையா?" இல்லை. "கண்ணாடியா? வீட்டுக்குப் போகணுமா? டீச்சரா?" இல்லை, இல்லை, டீச்சர் என்றதற்குக் கண்ணை உருட்டினாள். "கார்டா? அந்தக் கார்டைப் பத்தியா?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். தள்ளுவண்டிக்காரர் வந்து பிடியைப் பிடித்து, "போலாமாங்கய்யா" என்றார். "இருப்பா, பேசிட்டிருக்கோம்" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாயகி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இன்னும் கிட்ட வா என்று, கண் இரண்டும் பெரிதாகி, மூக்கு விடைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இவ்வளவு சொல்கிறேன் இந்த மனுஷனுக்கு விளங்கவில்லையே என்று முறைத்தாள். இதுதான் கோபம். ஒன்பது நாளாக நான் பார்த்தது இது இல்லை.

"திட்டாத நாயகி" என்றேன். "யோசிக்கிறேன், இரு."